தலைவலிக்குப் போனால் மனச்சோர்வு மாத்திரையா? மைக்ரேனுக்கும் ஆன்டிடிப்ரசன்ட்டுக்கும் என்ன தொடர்பு?

மாதத்தில் ஏழெட்டு நாள் தலைவலி. வெளிச்சம் ஆகாது, பக்கத்து சீட்டில் யாராவது சென்ட் அடித்திருந்தாலே குமட்டுகிறது, டீம் லீடரிடம் லீவுக்குச் சொல்லக் காரணமும் தீர்ந்துவிட்டது. ஒருவழியாக நரம்பியல் மருத்துவரைப் போய்ப் பார்த்தால், ‘மைக்ரேன்தான், ஒற்றைத் தலைவலி’ என்று சொல்லி, ராத்திரி ஒன்று போடும்படி சின்னதாக ஒரு மாத்திரை எழுதித் தருகிறார். அமிட்ரிப்டிலின், 10 மி.கி. மருந்துக்கடை வாசலிலேயே போனை எடுத்து அந்தப் பெயரைத் தேடினால் முதல் வரியிலேயே வருகிறது: மனச்சோர்வுக்கான மருந்து.

அப்புறம் என்ன நடக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. “எனக்கு டிப்ரெஷன் எல்லாம் இல்லையே, அப்போ இந்த வலி மனசுலதான் இருக்குன்னு டாக்டர் நினைக்கிறாரா?” என்ற சந்தேகம் வரும். வீட்டில் யாராவது அட்டையைப் பார்த்துவிட்டால், “இந்த மாத்திரை எல்லாம் பழகிடும், விட முடியாது” என்ற பயமுறுத்தலும் சேர்ந்துகொள்ளும். மாத்திரை டிராயருக்குள் போய்விடும். தலைவலி மட்டும் சொன்ன தேதிக்கு வந்துவிடும்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் அந்த மருந்து அல்ல, அதன் குடும்பப் பெயர். ‘மனச்சோர்வு மருந்து’ என்று ஒரே பெயரில் அழைக்கப்படும் மாத்திரைகள் எல்லாம் மைக்ரேன் விஷயத்தில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. ஒன்று தலைவலி வராமல் தடுக்கிறது. சில, மைக்ரேனை ஒன்றும் செய்வதில்லை. அதே சில, ஆரம்பித்த முதல் வாரத்தில் தலைவலியைத் தாங்களே கொண்டுவருகின்றன. எது எந்த வகை என்று தெரிந்துகொண்டால், கையிலிருக்கும் அட்டையைப் பார்த்துப் பயப்பட வேண்டுமா, வேண்டாமா என்பதும் தெரிந்துவிடும்.

அமிட்ரிப்டிலின் தலைவலிக்கு வந்த கதை

அமிட்ரிப்டிலின் அமெரிக்காவில் மனச்சோர்வுக்காக அனுமதி பெற்றது 1961இல். அது தலைவலிக்கும் உதவுகிறது என்பது சந்தைக்கு வந்த சில வருடங்களிலேயே தெரிந்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் சிட்னியைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் லான்ஸும் அவருடைய சகாவான டொனால்ட் கரனும், தலையை இறுக்கிப் பிடிப்பது போன்ற நாள்பட்ட ‘டென்ஷன்’ தலைவலிக்கு இந்த மருந்து பயன்படுவதை 1964இல் ‘தி லான்செட்’ இதழில் எழுதினார்கள். 1970களில் மைக்ரேனுக்கும் சோதித்துப் பார்த்தார்கள்.

அவற்றில் முக்கியமானது 1979இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கவுச், ருத் ஹசனெய்ன் வெளியிட்ட ஆய்வு. மைக்ரேன் உள்ள 100 பேரில் ஒரு பகுதியினருக்கு அமிட்ரிப்டிலினும், மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரையும் கொடுக்கப்பட்டது. மருந்து எடுத்தவர்களில் சுமார் 55 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 34 சதவீதம் பேருக்கும் தலைவலி பாதிக்கு மேல் குறைந்தது.

இந்த ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள். தலைவலி குறைந்ததற்கும் மனச்சோர்வு குறைந்ததற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. அதாவது ‘மனசு சரியானது, அதனால் தலைவலியும் போனது’ என்ற கணக்கு இங்கே பொருந்தவில்லை. மனச்சோர்வே இல்லாதவருக்கும் இந்த மருந்து தலைவலியைத் தடுத்தது. மருந்துக்கடை வாசலில் வந்த சந்தேகத்துக்கான பதில் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன்பே கிடைத்துவிட்டது என்று சொல்லலாம்.

டோஸைப் பார்த்தாலும் வித்தியாசம் புரியும். மனச்சோர்வுக்கு இந்த மருந்து பொதுவாக ஒரு நாளைக்கு 75 மி.கி., 150 மி.கி. என்ற அளவுகளில் தேவைப்படும். மைக்ரேனுக்கு 10 மி.கி.யில் ஆரம்பித்து மெதுவாக ஏற்றுவார்கள். பலருக்கு 25 முதல் 50 மி.கி.க்குள்ளேயே பலன் தெரிந்துவிடும். 10 மி.கி. எழுதித் தரும் மருத்துவர் மனச்சோர்வுக்குச் சிகிச்சை தரவில்லை என்பது அந்த எண்ணிலேயே இருக்கிறது.

இதை மாற்றிப் போட்டும் பார்க்க வேண்டும். நிஜமாகவே மனச்சோர்வு இருக்கிற ஒருவர், ‘நான்தான் ஏற்கெனவே ஆன்டிடிப்ரசன்ட் எடுக்கிறேனே’ என்று அந்த 10 மி.கி.யை நம்பி இருந்துவிடக் கூடாது. அந்த அளவு மனச்சோர்வுக்குப் போதாது.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

முதலில், மைக்ரேன் என்பது வெறும் தலைவலி அல்ல. பித்தம் ஏறிவிட்டது, வெயிலில் போனது, சைனஸ் என்று நம் வீடுகளில் இதற்கு ஆயிரம் விளக்கம் உண்டு. அடிப்படையில் இது மூளையும் நரம்புகளும் சம்பந்தப்பட்ட நோய். மருந்து எடுக்காவிட்டால் ஒரு தடவை வந்தால் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை இருக்கலாம். ‘ஒற்றைத் தலைவலி’ என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்றும். தலையின் இரண்டு பக்கமும் வலிக்கிற மைக்ரேனும் உண்டு. பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு, மூன்று மடங்கு அதிகம். கர்நாடகத்தில் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஒரு பெரிய கணக்கெடுப்பில், ஓராண்டில் மைக்ரேன் வந்தவர்கள் சுமார் 25 சதவீதம். நான்கில் ஒருவர்.

சிலருக்கு வலி வருவதற்கு முன்பு கண்ணில் வளைந்து நெளிந்த வெளிச்சக் கோடுகள் தெரியும். ‘ஆரா’ என்று சொல்வார்கள். மூளையின் மேற்பரப்பில் நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகிற ஓர் அலைதான் இதற்குக் காரணம். அலை கடந்து போன இடத்தில் நரம்பணுக்கள் சிறிது நேரம் அடங்கிவிடும். பிரேசிலைச் சேர்ந்த அரிஸ்டிடிஸ் லியாவ், 1944இல் முயல்களின் மூளையில் இதைக் கண்டுபிடித்து வைத்த பெயர் ‘ஸ்பிரெடிங் டிப்ரெஷன்’. இங்கே டிப்ரெஷன் என்றால் மின்செயல்பாடு தணிவது. மனச்சோர்வுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. மைக்ரேன் உலகத்தில் இந்தச் சொல் விடாமல் துரத்துகிறது, அவ்வளவுதான்.

2006இல் பாஸ்டனில் எலிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அமிட்ரிப்டிலின், புரோப்ரனலால், டோபிரமேட், வால்புரோயேட் போன்ற மைக்ரேன் தடுப்பு மருந்துகளைக் கொடுத்து, இந்த அலை எத்தனை முறை கிளம்புகிறது என்று எண்ணினார்கள். ஒன்று ரத்த அழுத்த மருந்து, இரண்டு வலிப்பு மருந்து, இன்னொன்று மனச்சோர்வு மருந்து. ஆனால் எல்லாமே அலைகளின் எண்ணிக்கையை 40 முதல் 80 சதவீதம் வரை குறைத்தன. ஒரே ஒரு டோஸ் கொடுத்தபோது எந்தப் பலனும் இல்லை. வாரக்கணக்கில் தினமும் கொடுத்தபோதுதான் பலன் தெரிந்தது. நாள் கூடக் கூடப் பலனும் கூடியது.

மைக்ரேன் தடுப்பு மாத்திரை ஏன் போட்டவுடன் வேலை செய்வதில்லை என்பதற்கு இது நல்ல விளக்கம். ‘நாலு நாள் போட்டேன், ஒண்ணும் கேக்கல’ என்று நிறுத்துபவர்கள் மருந்துக்கு வாய்ப்பே கொடுக்கவில்லை. சரியான டோஸுக்கு வந்த பிறகு சுமார் இரண்டு மாதமாவது பார்க்க வேண்டும்.

அமிட்ரிப்டிலின் வலியைக் குறைக்கும் வழி இது ஒன்றே அல்ல. மூளையிலிருந்து கீழே இறங்கி வந்து, வலிச் செய்திகளின் சத்தத்தைக் குறைத்து வைக்கும் நரம்புப் பாதைகள் உள்ளன. அவை செரோட்டோனின், நார்அட்ரினலின் என்ற இரண்டு ரசாயனங்களை நம்பி இயங்குகின்றன. அமிட்ரிப்டிலின் இரண்டையும் கூட்டுகிறது. சர்க்கரை நோயாளிகளின் கால் எரிச்சலுக்கும், நாள்பட்ட நரம்பு வலிக்கும் இதே மாத்திரையை எழுதுவது அதனால்தான்.

அப்படியென்றால் எல்லா மனச்சோர்வு மாத்திரையும் உதவுமா?

இல்லை. நிறைய பேர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

இன்று மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் அதிகம் எழுதப்படுபவை எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகள். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃபுளுவாக்சடின், பராக்சடின் எல்லாம் இந்த வகை. இவை குறிப்பாகச் செரோட்டோனினை மட்டும் கூட்டுகின்றன. மைக்ரேனில் செரோட்டோனினுக்குப் பங்கு இருப்பது 1960களிலிருந்தே பேசப்படும் விஷயம் என்பதால், இவை இன்னும் நன்றாக வேலை செய்யும் என்று எதிர்பார்த்தார்கள். பழைய மருந்தின் தூக்கக் கலக்கம், எடை கூடுதல் எல்லாம் இவற்றில் குறைவு. காகிதத்தில் எல்லாமே சரியாக இருந்தது.

நடந்தது வேறு. உலகெங்கும் நடந்த சோதனைகளைத் திரட்டி ஆராயும் காக்ரேன் அமைப்பு, மைக்ரேன் தடுப்பில் எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துகளையும், அவற்றின் சொந்தக்காரரான வென்லாஃபாக்சினையும் பற்றி 2015இல் ஒரு தொகுப்பு வெளியிட்டது. 11 ஆய்வுகள், 585 பேர். வெற்று மாத்திரையைவிடவோ அமிட்ரிப்டிலினைவிடவோ இவை மேலானவை என்று சொல்ல ஆதாரம் இல்லை என்பதே முடிவு. பல ஆய்வுகள் சிறியவை, தரத்திலும் சுமாரானவை என்பதையும் அந்தத் தொகுப்பே சொன்னது.

வென்லாஃபாக்சின் விஷயத்தில் மட்டும் கருத்து ஒன்றுபோல இல்லை. இது செரோட்டோனின், நார்அட்ரினலின் இரண்டையும் கூட்டும் மருந்து. அமெரிக்க நரம்பியல் அகாடமி 2012இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், அமிட்ரிப்டிலினோடு சேர்த்து இதையும் ‘பலன் தர வாய்ப்புள்ளது’ என்ற இரண்டாம் நிலையில் வைத்தது. காக்ரேன் அந்த அளவுக்கு நம்பவில்லை. நடைமுறையில் மனச்சோர்வும் மைக்ரேனும் சேர்ந்தே இருப்பவருக்கு, ஒரே மருந்தில் இரண்டையும் பார்க்கலாமே என்று சில மருத்துவர்கள் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது என்பதால் பி.பி.யைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

ஆக, பதற்றத்துக்காக எஸ்சிட்டலோபிராம் எடுக்கும் ஒருவருக்கு மைக்ரேன் குறையவில்லை என்றால், அது மருந்தின் தோல்வி இல்லை. அது வந்த வேலையே வேறு.

முதல் வாரத் தலைவலி

எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துகளின் பக்கவிளைவுப் பட்டியலில் தலைவலியும் இருக்கிறது. குமட்டலும் இருக்கிறது. ஏற்கெனவே மைக்ரேன் உள்ளவருக்கு இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் மைக்ரேன் அதிகமாகிவிட்டது போலவே தோன்றும். பலருக்கும் இது ஒன்றிரண்டு வாரங்களில் அடங்கிவிடும். மனச்சோர்வு குறையத் தொடங்குவதோ அதற்குப் பிறகுதான், பல வாரங்கள் கழித்து. அதாவது கஷ்டம் முதலில் வருகிறது, பலன் பின்னால் வருகிறது. இதை முன்கூட்டியே யாரும் சொல்லாவிட்டால் பத்தாம் நாள் மாத்திரையை நிறுத்துவது இயல்பான முடிவாகத்தான் இருக்கும். மருந்துச் சீட்டு எழுதும்போது அரை நிமிடம் செலவழித்துச் சொல்ல வேண்டிய விஷயம் இது. கூட்டம் நிறைந்த கிளினிக்கில் அந்த அரை நிமிடம்தான் முதலில் காணாமல் போகிறது.

இரண்டு வாரம் தாண்டியும் தலைவலி கூடிக்கொண்டே போனால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். டோஸைக் குறைத்து மெதுவாக ஏற்றலாம், அல்லது வேறு மருந்துக்கு மாற்றலாம்.

நிறுத்தும்போதும் இதே கதைதான். ‘இப்ப நல்லா இருக்கேன்’ என்று ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலி, தலைச்சுற்றல், எரிச்சல், தலைக்குள் சின்னதாக ஷாக் அடித்தது போன்ற உணர்வு எல்லாம் வரலாம். வென்லாஃபாக்சினிலும் பராக்சடினிலும் இது கொஞ்சம் அதிகம். ஊருக்குப் போகும்போது மாத்திரையை மறந்துவிட்டு, இரண்டாம் நாள் வந்த தலைவலிக்குப் பஸ் பயணத்தைக் குறை சொல்பவர்களும் உண்டு. இதற்குப் பெயர் அடிமையாவது அல்ல. ஆனாலும் நிறுத்துவதாக இருந்தால் வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பதுதான் முறை.

எது முதலில் வந்தது?

மைக்ரேன் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ‘மாசத்துல பத்து நாள் வலிச்சா யாருக்குத்தான் சோர்வு வராது?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அமெரிக்காவின் டெட்ராய்ட் பகுதியில் நவோமி பிரெஸ்லாவும் குழுவினரும் இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வு, இதைக் கொஞ்சம் ஆழமாகப் பார்த்தது. மைக்ரேன் இருந்தவர்களுக்குப் புதிதாக மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடியிருந்தது. மனச்சோர்வு இருந்தவர்களுக்குப் புதிதாக மைக்ரேன் வரும் வாய்ப்பும் கூடியிருந்தது. ஆனால் மைக்ரேன் அல்லாத கடுமையான தலைவலி வரும் வாய்ப்பை மனச்சோர்வு கூட்டவில்லை. வலி தாங்காமல் வந்த சோர்வு என்று மட்டும் இதை விளக்க முடியாது. இரண்டு நோய்களுக்கும் அடியில் பொதுவாக ஏதோ இருக்கிறது என்பதற்கான குறிப்பு இது.

அதனால் ‘உங்களுக்கு மனசு எப்படி இருக்கு, தூக்கம் வருதா?’ என்று தலைவலி மருத்துவர் கேட்டால், அவர் வலியை நம்பவில்லை என்று அர்த்தம் இல்லை. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கிறார். சொல்லப்போனால், கேட்காமல் விடுவதுதான் ஆபத்து. ஏனென்றால் எதிர்த்திசையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது.

நம் ஊரில் மைக்ரேனுக்கு நிறைய எழுதப்படும் இன்னொரு மாத்திரை ஃபுளுனரிசின். நன்றாக வேலை செய்யும் மருந்துதான். தூக்கமும் எடையும் கூடும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் அது சிலருக்கு மனச்சோர்வையே கொண்டுவரும் என்பது அவ்வளவாக வெளியில் பேசப்படுவதில்லை. முன்பு மனச்சோர்வு வந்தவர்களுக்கு இதைத் தரக் கூடாது என்று மருந்தின் குறிப்பிலேயே இருக்கிறது. டோபிரமேட்டும் சிலருக்கு மனநிலையைக் கீழே இழுக்கும். தலைவலி மாத்திரை ஆரம்பித்து இரண்டு மூன்று மாதத்தில் காரணமில்லாமல் அழுகை, எதிலும் பிடிப்பின்மை என்று வந்தால், ஆபீஸ் டென்ஷனைக் காரணம் காட்டுவதற்கு முன் மாத்திரை அட்டையைப் பார்ப்பது நல்லது. மனநல மருத்துவரிடம் போகும்போது தலைவலி மாத்திரையைப் பற்றியும், நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது மனநல மாத்திரையைப் பற்றியும் மறைக்காமல் சொல்வதன் அவசியம் இதுதான். ‘அந்த டாக்டர்கிட்ட இது எதுக்கு’ என்ற கூச்சம் இங்கே செலவு வைக்கும்.

போனில் வரும் சிவப்பு எச்சரிக்கை

எஸ்.எஸ்.ஆர்.ஐ. எடுக்கும் ஒருவர், மைக்ரேன் வந்தவுடன் போடுவதற்குத் தரப்படும் சுமாட்ரிப்டான், ரைசாட்ரிப்டான் போன்ற டிரிப்டான் வகை மாத்திரைகளைச் சேர்த்து ஏதாவது செயலியில் தேடினால், பெரும்பாலும் ஓர் எச்சரிக்கை வரும்: செரோட்டோனின் சிண்ட்ரோம், உயிருக்கு ஆபத்து. உடலில் செரோட்டோனின் செயல்பாடு அளவுக்கு மீறும் நிலை அது. கைகால் நடுக்கம், தசைகள் துடிப்பது, வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், மனக்குழப்பம் என்று சில மணி நேரத்திலேயே தெரியும். நிஜமாகவே ஆபத்தானதுதான்.

ஆனால் இந்த இரண்டு மருந்துகளும் சேரும்போது அது எவ்வளவு அடிக்கடி வருகிறது? அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2006 ஜூலையில் இந்த எச்சரிக்கையை விடுத்தபோது கையில் இருந்தவை முப்பதுக்கும் குறைவான தனித்தனி நோயாளிகளின் விவரங்கள். 2018இல் ‘ஜாமா நியூராலஜி’ இதழில் பாஸ்டன் பகுதி மருத்துவமனைப் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. 14 ஆண்டுகளில் இரண்டு வகை மருந்தும் சேர்த்து எழுதப்பட்டவர்கள் 19,017 பேர். அவர்களில் செரோட்டோனின் சிண்ட்ரோம் என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் 17 பேர். உறுதியாக அதுதான் என்று சொல்லக்கூடியவர்கள் இரண்டே பேர். இந்த எச்சரிக்கையை மறுபரிசீலனை செய்யலாம் என்றே ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

இப்படிப் பூதாகரமாகத் தெரியும் எச்சரிக்கையைப் பார்த்து, மைக்ரேன் வந்து துடிக்கிற நேரத்தில் டிரிப்டானைத் தொடாமல் இருந்தவர்கள் எத்தனையோ பேர். மருத்துவருக்குத் தெரிந்து இரண்டும் எழுதப்பட்டிருந்தால் பயந்து நிறுத்தத் தேவையில்லை; மேலே சொன்ன அறிகுறிகள் என்னவென்று தெரிந்திருந்தால் போதும். எம்.ஏ.ஓ. தடுப்பான் என்ற பழைய வகை மனச்சோர்வு மருந்துகள் மட்டும் விதிவிலக்கு. அவற்றோடு சுமாட்ரிப்டான், ரைசாட்ரிப்டான் கூடவே கூடாது. வலிக்குத் தரப்படும் டிராமடாலும் எஸ்.எஸ்.ஆர்.ஐ.யோடு சேரும்போது கவனம் தேவைப்படும் மருந்து.

இதைவிடச் சாதாரணமாக நடக்கும் ஆபத்து ஒன்று இருக்கிறது. அதற்கு யாரும் அவ்வளவாகப் பயப்படுவதில்லை. எஸ்.எஸ்.ஆர்.ஐ. எடுப்பவர்கள் இபுபுரோஃபென், நாப்ராக்சன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை அடிக்கடி சேர்த்துப் போட்டால் வயிறு, குடலில் ரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களுக்கும் செரோட்டோனின் தேவை, எஸ்.எஸ்.ஆர்.ஐ. அதைக் குறைக்கிறது. வலி மாத்திரையோ வயிற்றின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது. மலம் தார் போலக் கறுப்பாகப் போனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அல்சர் இருந்தவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும்.

கையில் கிடைத்த வலி மாத்திரையை எல்லாம் போடுவதில் இன்னொரு வலையும் இருக்கிறது. சாதாரண வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, டிரிப்டானை 10 நாளோ அதற்கு மேலோ மாதக்கணக்கில் போட்டால், அந்த மாத்திரைகளே தினசரித் தலைவலியை உண்டாக்கும். தடுப்பு மருந்து தோற்றுப்போவதாகத் தெரியும் பல நேரங்களில் பின்னால் ஒளிந்திருப்பது இதுதான்.

யாருக்கு வேண்டாம், எதைக் கவனிக்க வேண்டும்?

அமிட்ரிப்டிலின் விலை குறைவு, பழைய மருந்து, உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பது. ஆனாலும் மிட்டாய் அல்ல. வாய் உலர்வது, மலச்சிக்கல், காலையில் எழ முடியாத தூக்கம், எடை கூடுவது ஆகியவை அடிக்கடி சொல்லப்படும் தொல்லைகள். காலைத் தூக்கம் தாங்கவில்லை என்றால், படுக்கும் நேரத்துக்குப் பதில் ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போடச் சொல்வார்கள். நைட் ஷிப்ட் பார்ப்பவர்கள் தங்கள் வேலை நேரத்தை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். முதல் சில நாள்களில் மந்தமாக இருந்தால் டூ வீலர் எடுக்கக் கூடாது. மது சேர்ந்தால் தூக்கம் இன்னும் கனக்கும்.

இதயத் துடிப்பில் கோளாறு, கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் தடைபடுவது போன்றவை இருந்தால் முன்பே சொல்ல வேண்டும். ஃபுளுவாக்சடின் அல்லது பராக்சடின் எடுப்பவருக்கு அமிட்ரிப்டிலின் சேர்த்தால், முதல் மருந்து இரண்டாவதை உடல் வெளியேற்றுவதைத் தாமதப்படுத்தும். சின்ன டோஸே பெரிய டோஸ் போல வேலை செய்யும். கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள் எந்தத் தடுப்பு மருந்தாக இருந்தாலும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். குறிப்பாக வால்புரோயேட்டும் டோபிரமேட்டும் கருவைப் பாதிக்கக்கூடியவை.

அளவுக்கு அதிகமாக விழுங்கினால் அமிட்ரிப்டிலின் இதயத்தையே நிறுத்தக்கூடியது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அட்டை பூட்டுக்குள் இருக்க வேண்டும். மனச்சோர்வு மருந்துகள் எல்லாவற்றுக்குமே, 24 வயது வரையிலான சிலரிடம் ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்ற எச்சரிக்கை உண்டு. தலைவலிக்கு எடுப்பவராக இருந்தாலும், அப்படி ஓர் எண்ணம் எட்டிப் பார்த்தால் காத்திருக்கக் கூடாது. மருத்துவரைக் கூப்பிடலாம், மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

இந்தியச் சந்தையில் அமிட்ரிப்டிலினோடு குளோர்டையசிபாக்சைடு என்ற தூக்க, பதற்ற மருந்து கலந்த மாத்திரைகளும் கிடைக்கின்றன. ‘பழகிடும்’ என்று வீட்டில் சொல்லும் பயம் இந்த இரண்டாவது மருந்துக்குத்தான் பொருந்தும். நண்பருக்கு எழுதிய சீட்டைக் காட்டி அதே மாத்திரையை வாங்கும் வழக்கம் இங்கேதான் மாட்டிவிடும். அட்டையின் பின்பக்கம் எத்தனை மருந்துப் பெயர் இருக்கிறது என்று பார்ப்பது ஐந்து நொடி வேலை.

பள்ளிப் பிள்ளைகளின் மைக்ரேனுக்கு இதே மாத்திரையைக் கேட்கும் பெற்றோர்கள் ஓர் ஆய்வைத் தெரிந்துகொள்ளலாம். 8 முதல் 17 வயது வரையிலான 361 பேரிடம் அமெரிக்காவில் நடந்த சோதனை 2017இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியானது. தலைவலி நாள்கள் பாதியோ அதற்கு மேலோ குறைந்தவர்கள்: அமிட்ரிப்டிலினில் 52 சதவீதம், டோபிரமேட்டில் 55 சதவீதம், வெற்று மாத்திரையில் 61 சதவீதம். மருந்துகளால் கூடுதல் பலன் இல்லை என்று தெரிந்து சோதனையை முன்பே நிறுத்திவிட்டார்கள். பெரியவர்களுக்குக் கேட்பது பிள்ளைகளுக்கும் கேட்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மைக்ரேனுக்கென்றே உருவாக்கப்பட்ட புதிய மருந்துகளும் வந்துவிட்டன. வலியைக் கிளப்பும் சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத்தின் வேலையைத் தடுக்கும் ஊசிகளில் முதலாவது, 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இவற்றையே முதல் தேர்வாகத் தரலாம் என்று அமெரிக்கத் தலைவலிச் சங்கம் 2024இல் சொன்னது. விலைதான் பிரச்சினை. அதனால் 1961ஆம் ஆண்டு மாத்திரை இன்னும் கொஞ்ச காலம் நம் மருந்துச் சீட்டுகளில் இருக்கும்.

எத்தனை நாள் போட வேண்டும்?

வாழ்நாள் முழுக்க அல்ல. மாதத்தில் நான்கு நாளோ அதற்கு மேலோ தலைவலி வேலையைக் கெடுத்தால் தடுப்பு மருந்து பற்றி யோசிப்பார்கள். மாதாந்தரத் தலைவலி நாள்கள் பாதியாகக் குறைந்தாலே மருந்து ஜெயித்ததாகக் கணக்கு. முழுதாக மறைந்துவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். இதைக் கணக்கிட ஞாபகத்தை நம்ப முடியாது. எந்த நாள் வலித்தது, எத்தனை மணி நேரம், என்ன மாத்திரை போட்டது, பெண்கள் என்றால் மாதவிடாய்த் தேதி இவற்றைப் போனில் குறித்து வைத்தால் போதும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்தக் குறிப்போடு, வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் முன்னும் பின்னும் போட்டோ எடுத்துக்கொண்டு போகலாம்.

இதற்கிடையே, திடீரென்று ஒரே நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கைகால் பலவீனம், பேச்சுக் குழறல், 50 வயதுக்கு மேல் முதல்முறையாக வரும் புது மாதிரித் தலைவலி என்றால் மைக்ரேன் என்று நினைத்து வீட்டில் இருக்கக் கூடாது.

மருந்து நன்றாகக் கேட்டால், ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தொடர்ந்த பிறகு மருத்துவர் டோஸை மெதுவாகக் குறைத்துப் பார்ப்பார். சிலருக்கு அதற்குப் பிறகும் தலைவலி அடங்கியே இருக்கும். சிலருக்குத் திரும்ப வரும். அவர்கள் மறுபடியும் 10 மி.கி.யிலிருந்து ஆரம்பிப்பார்கள்.